ஓடுகிற முதியவர்களும் உறைகிற இரத்தமும்

தை மாதக் கடைசியில், பனி விலகுமுன்னரே, ஆரோவில்லைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெருங்கூட்டம் ஓடுகிறது. 2008-ம் வருஷத்தில் ஆரம்பித்த மாரத்தான் அது. முழுத் தூரமாகிய 42 கிலோமீட்டரும் ஓடுகிறவர்கள் உண்டு. 21 கிலோமீட்டரோடும் 10 கிலோமீட்டரோடும் திருப்தியடைகிறவர்களும் உண்டு. வாலிபர்கள் மட்டுமே இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கப் போகிறவன் ஏமாந்து போவான். நரைத்த தலைகள் அக்கூட்டத்தில் கொஞ்சமல்ல.

அந்த ஒரு நாளோடு இந்த ஆர்வம் நின்றுவிடுவதுமில்லை. வில்லியனூர்ப் பக்கத்தில் ஊசுட்டேரிக் கரையிலும், தெற்கே பாகூர் ஏரிக்கரையிலும் பொழுது விடியும் நேரத்தில் போய் நின்றால், அறுபது வயதைக் கடந்தவர்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடுவதையும், சைக்கிளில் நெடுந்தூரம் போய்வருவதையும் காணலாம். ஓய்வுபெற்ற உபாத்தியாயர், போலீஸ் உத்தியோகத்தை முடித்துக் கொண்டவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்துப் பென்ஷன் வாங்கும் 'சொல்தா', நெல்லும் கரும்பும் பயிரிட்டு உரமேறிய விவசாயி என்று பல தரத்தவர் இவர்களில் உண்டு. மூத்தோர் தடகளப் போட்டிகளில் பதக்கம் பெற்று வந்தவர்களை ஊரார் மாலை போட்டு அழைத்துச் செல்லும் காலம் இது.

இதைக் கண்டு நாம் மனப்பூர்வமாக மகிழ்கிறோம். ஐம்பது வயதானதும் திண்ணையில் சாய்ந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொள்வதே கௌரவம் என்று நம்மவர் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் தொலைந்தது நல்லதே. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பௌஜா ஸிங் என்பவர் 2000-ம் வருஷத்தில், தம்முடைய 89-வது வயதில், லண்டன் மாரத்தானை முதன் முதலாக ஓடினார். 2011-ல் டொராண்டோ நகரத்தில் 100 வயதுக் கிழவராக அதே தூரத்தை ஓடி முடித்தார். பிறப்புச் சான்று இல்லை என்று சாதனைப் புத்தகக்காரர்கள் அவர் பெயரைப் பதிய மறுத்ததைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2025 ஜூலையில் அவர் உயிரைப் பறித்தது முதுமையோ வியாதியோ அல்ல. சொந்த ஊர்ச் சாலையில் வந்து மோதிய மோட்டார் வண்டி.

ஆகையால், வயதானவர்கள் ஓடக்கூடாது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. அவர்கள் ஓட வேண்டும். ஆனால் ஓடுகிறவர்களுக்கும், அவர்களை ஓட்டத்துக்கு அழைக்கிறவர்களுக்கும், நமது கிராமங்களிலுள்ள வைத்தியர்களுக்கும் ஓர் அபாயத்தைப் பற்றிய ஞானம் போதாமலிருக்கிறது. இருதயம் நின்றுபோகுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு, அதற்காக ஈ.ஸி.ஜி. எடுத்துக் கொள்கிறார்கள். கால் குழாயில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரை வாங்கக் கூடும் என்பதை நினைப்பவர் வெகு சிலரே. இதைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம்.

இரத்தத்தைத் தேகமெங்கும் தள்ளுவது இருதயத்தின் வேலை. அதைத் திரும்ப மேலே கொண்டுவருவதோ, அதிலும் பாதத்திலிருந்து இடுப்பு வரையில் ஏற்றம் இறைப்பதுபோல் இறைத்துக் கொண்டுவருவதோ, பெரும்பாலும் கெண்டைக்கால் சதையின் வேலை. நாம் நடக்கும்போதெல்லாம் இச்சதை சுருங்கி, தன்னூடே செல்லும் சிரை என்னும் குழாய்களைப் பிழிந்து, இரத்தத்தை மேலே அனுப்புகிறது. உள்ளிருக்கும் சிறு கதவுகள் அது கீழே இறங்கிவிடாமல் தடுக்கின்றன. கால் அசையாமலிருந்தால் ஏற்றமும் நிற்கிறது. வாய்க்காலில் தேங்கிய தண்ணீர்போல் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கட்டி உண்டாகிறது. காலில் இருக்கும்வரை அது வலியும் வீக்கமுமே தரும். பிய்த்துக்கொண்டு கிளம்பினால், இருதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் குழாயை அடைத்துவிடுகிறது. அடைப்பு சிறிதானால் மூச்சுத் திணறல். பெரிதானால் சில நிமிஷங்களில் மரணம்.

தேக்கம் ஒன்று மட்டும் காரணமல்ல. ஜெர்மானிய வைத்திய மேதை ருடால்ப் விர்ஹோ (1821–1902) நுரையீரலை அடைக்கும் கட்டி வேறிடத்திலிருந்து வருவது என்று முதன் முதலில் தெளிவாகக் காட்டியவர். பிஸ்மார்க்கை எதிர்த்துச் சட்டசபையில் போராடிய அரசியல்வாதியும் அவரே. அவர் பெயரால் இன்றும் வைத்திய மாணவர்கள் மூன்று காரணங்களைப் பாடம் பண்ணுகிறார்கள்: இரத்தம் மெதுவாக ஓடுவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தமே எளிதில் உறையும் குணத்தை அடைவது. இம்மூன்றில் இரண்டு கூடினால் ஆபத்து. மூன்றும் கூடினால் கேட்க வேண்டியதில்லை.

அசையாமல் உட்காருவது மட்டுமே எவ்வளவு பொல்லாதது என்பதை உலகம் ஒரு யுத்தத்தில் கண்டது. 1940-ல் லண்டன் நகரத்தின்மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, ஜனங்கள் இரவு முழுதும் நிலவறைகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் அடைக்கலம் புகுந்தார்கள். வயதானவர்கள் துணிச் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். அந்நாற்காலியின் குறுக்குக் கட்டை முழங்காலுக்குப் பின்புறத்தை அழுத்திக்கொண்டிருக்கும். குண்டுக்குத் தப்பிய இவர்களில் சிலர் காலையில் எழுந்து நடக்கும்போது திடீரென்று விழுந்து மாண்டார்கள். பிரேத பரிசோதனை செய்துவந்த டாக்டர் கீத் ஸிம்ப்ஸன் இந்த மரணங்களை ஆராய்ந்து, நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்ததே காரணம் என்று அவ்வருஷத்திலேயே 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பிறகு நிலவறைகளில் படுத்துறங்கக் கட்டில்கள் போடுவதில் அதிக அக்கறை காட்டப்பட்டது.

'அவர்கள் உட்கார்ந்திருந்தவர்கள், நாங்களோ ஓடுகிறவர்கள், எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருவரை மனத்தில் கற்பித்துக்கொண்டு பார்ப்போம். அவருக்கு வயது 64; பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறார்; பம்பாயில் நடக்கும் மாரத்தானுக்குப் போகிறார். வெயில் ஏறுமுன் ஓட்டம் தொடங்கினாலும், முடிக்கும்போது சூரியன் தலைக்கு மேலே வந்துவிடுகிறான். உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் வேர்வையாய்ப் போய்விட, இரத்தம் குழம்பாகிறது. நான்கைந்து மணி நேரம் தரையை மிதித்த சதைகளும், அவற்றோடு சேர்ந்த குழாய்களும் நுண்ணிய காயங்களை அடைந்திருக்கின்றன. காயம் கண்ட இடத்தில் இரத்தத்தை உறைய வைப்பது தேகத்தின் இயல்பு. அந்த ஏற்பாடு முழுவதும் விழித்தெழுந்து நிற்கிறது. இந்த நிலைமையில் அவர் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புதுச்சேரிக்கு வரும் ரயிலில் ஏறி, ஒரு நாளுக்கு மேல் காலைத் தொங்கவிட்டுக் கொண்டு உட்காருகிறார். நண்பர்கள் கொண்டாட்டம் என்று இரண்டு கிளாஸ் மதுவும் ஊற்றிக் கொடுத்துவிட்டால், மிச்சமிருந்த தண்ணீரும் சிறுநீராய்ப் போகிறது. (நமது புதுச்சேரிக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.) பல வருஷங்கள் ஓடிப் பழகியவருக்குச் சும்மா இருக்கையில் நாடி நிமிஷத்துக்கு 50-க்கும் கீழே இறங்கிவிடும். உடம்பின் உறுதிக்கு அது அடையாளந்தான்; ஆனால் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இரத்த ஓட்டம் இன்னும் மந்தமாவதற்கு அதுவும் துணைபோகக்கூடும் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். விர்ஹோவின் மூன்று காரணங்களும் ஒரே ரயில் பெட்டியில் ஏறிவிட்டன.

ஓடும்போது இரத்தத்தில் உறையும் சக்தி கூடுகிறது என்றோம். அதற்கு ஈடாக, உறைந்ததைக் கரைக்கும் சக்தியும் கூடவே ஏறுகிறது. இது இயற்கையின் கருணை. ஆனால் ஓட்டம் நின்ற பிறகு கரைக்கும் சக்தி சீக்கிரமாய்த் தணிந்துவிடுகிறது. உறையும் சக்தியோ இன்னும் பல மணி நேரம் நின்று, பிறகுதான் இறங்குகிறது. ஆகவே ஆபத்து ஓட்டத்திலல்ல, ஓட்டத்துக்குப் பின் வரும் சில மணி நேரங்களில் இருக்கிறது. 2010-ம் வருஷத்து பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் இரத்தத்தை அமெரிக்க ஆராய்ச்சியாளர் பரிசோதித்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் பிரயாணம் செய்து வந்து ஓடியவர்களிடம், சமீபத்தில் வசித்துக்கொண்டு ஓடியவர்களைவிட, இரத்தம் உறையத் தொடங்கியதன் அடையாளங்கள் மிகுந்திருந்தன. பாரிஸிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நமது 'சொல்தா'க்கள் இதைச் சற்றே கவனிப்பார்களாக. சுமார் பத்து மணி நேரம் ஆகாய விமானத்தில் மடங்கிக் கிடந்து, அப்புறம் சென்னையிலிருந்து மோட்டாரில் வில்லியனூர் வந்து, மறுநாளே 20 கிலோமீட்டர் ஓடக் கிளம்புவது வீரமாகாது.

இந்த அபாயத்தின் அளவைச் சரியாகச் சொல்லிவிடுவது நமது கடமை. பயமுறுத்துவது நமது நோக்கமல்ல. மேல்நாட்டுக் கணக்குப்படி, சகல வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்குச் சிரையில் இரத்தம் உறைகிறது. நாற்பது வயதுக்குட்பட்டவர்களில் இது பதினாயிரத்தில் ஒருவராகக் குறைந்து, எண்பது வயதைத் தாண்டியவர்களில் நூற்றில் ஒருவர் என்னும் அளவை எட்டுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம் இந்த ஆபத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி 2007-ல் கூறிற்று. அது விமானத்துக்கு மட்டுமல்ல. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மோட்டாருக்கும் பொருந்தும். ஆயினும் ஆரோக்கியமுள்ள பிரயாணிகளில் ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒருவருக்கே இது நேர்கிறதாம். அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷங்கள் கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இன்னும் நேரடியாக நமது விஷயத்தைத் தொடுகிறது. நடை முதலிய இலேசான தேகாப்பியாசம் செய்த முதியவர்களிடம் இரத்த உறைவு அதிகமாகக் காணப்படவில்லை. ஓட்டம் போன்ற கடுமையான அப்பியாசம் செய்தவர்களிடம் சற்று அதிகமாகவே காணப்பட்டது. ஓட்டத்தால் இருதயத்துக்கும் மூளைக்கும் எலும்புக்கும் வரும் லாபத்தை இந்த நஷ்டம் அழித்துவிடாது. ஆனால் நஷ்டமே இல்லையென்று கணக்கெழுதுவது தவறு.

இந்த வியாதி வெள்ளைக்காரருக்கு உரியது, நம் நாட்டவருக்கு வராது என்று ஒரு தப்பெண்ணம் வைத்தியர்களிடமே நெடுநாள் நிலவியது. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1996 முதல் 2005 வரையில் சேர்ந்த நோயாளிகளின் கணக்கைப் பார்த்தபோது, பதினாயிரம் பேருக்குச் சுமார் 17 பேர் வீதம் இந்த உறைவு நிச்சயமாகக் காணப்பட்டது. தேடினால் அகப்படும், தேடாதவரையில் 'நம்மிடம் இல்லை' என்று சொல்லிக் கொண்டிருக்கலாம்.

நிற்க. புதுச்சேரிக் கிராமங்களுக்கென்றே ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. இங்கே ஒரு கால் வீங்கினால் முதலில் வாயில் வரும் வார்த்தை 'யானைக்கால்'. அதில் ஆச்சரியமில்லை. கொசுவினால் பரவும் அந்த வியாதி இப்பிரதேசத்தைத் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. 1975-ல் நோய்பரப்பிகளை ஆராயும் மத்திய நிலையம் புதுச்சேரியில் ஏற்பட்டதும், 1981 முதல் ஐந்து வருஷம் நகரத்தில் கொசு ஒழிப்புப் பெருமுயற்சி நடந்ததும், வருஷந்தோறும் மாத்திரை கொடுத்ததும் எல்லோரும் அறிந்தவை. வியாதி பெரிதும் அடங்கிவிட்டாலும் அதன் பெயர் ஜனங்களின் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆகையால், ஞாயிற்றுக்கிழமை ஓடியவருக்குப் புதன்கிழமை இடக்கால் வீங்கினால், பழைய நீர் இறங்கியிருக்கிறது என்று பாட்டி சொல்கிறாள். அவரும் சும்மா இருந்துவிடுகிறார். யானைக்கால் வீக்கம் மாதக் கணக்காக, வருஷக் கணக்காக ஏறுவது. இடையே சுரமும் குளிரும் நெறி கட்டுதலும் வந்து வந்து போகும். இரத்த உறைவினால் வரும் வீக்கமோ சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில தினங்களில் வந்துவிடும். சுரம் அதிகமிராது, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை கனத்து, சூடேறி, நிறம் மாறி, தொட்டால் வலிக்கும். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிவது கைதேர்ந்த வைத்தியருக்கும் சிரமமே. அப்படியிருக்கப் பாட்டியைக் குறை சொல்வானேன்?

யானைக்கால் என்ற எண்ணத்தைவிடப் பொல்லாதது சுளுக்கு என்ற எண்ணம். ஓடுகிறவனுக்குச் சதை வலிப்பது தினசரி அனுபவம். 'பிடிப்பு விழுந்துவிட்டது' என்று அவரே தீர்மானித்துக்கொண்டு, சுளுக்கு வழிக்கிறவரிடம் காலை நீட்டுகிறார். அவர் தைலத்தைப் போட்டு முழங்காலுக்குக் கீழிருந்து மேல்நோக்கி அழுத்தி உருவிவிடுகிறார். சதைப் பிடிப்பாயிருந்தால் இது சுகந்தான். உள்ளே இரத்தக் கட்டி இருந்தால், அதைக் கையாலேயே பிய்த்து நுரையீரலுக்கு அனுப்புவதாக முடியலாம். இப்படி நேர்ந்ததாக வைத்தியப் பத்திரிகைகளில் பதிவுகள் உண்டு. சுளுக்கு வழிப்பவர்களை நாம் இழிவாகப் பேசவில்லை. பரம்பரையாக வந்த கைப்பழக்கம் அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அதைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அவர்கள் ஒரு விதியை ஏற்படுத்திக் கொள்வார்களானால், பல டாக்டர்கள் செய்ய முடியாத உபகாரத்தைச் செய்தவர்களாவார்கள்.

மூச்சுத் திணறலின் சங்கதியும் இப்படியே. சென்ற மாதம் வரையில் சுலபமாக ஓடிய தூரத்தில் பாதிக்கே மூச்சு வாங்குகிறது, மார்பில் ஒரு பக்கம் மூச்சை இழுக்கும்போது குத்துகிறது, இருமலில் இரத்தத் துளி தெரிகிறது, தலை சுற்றுகிறது. இவற்றை ஓடுகிறவர் 'வயதாகிவிட்டதல்லவா' என்று ஒதுக்கிவிடுகிறார். டாக்டரிடம் போனாலும் அவர் நாடியைப் பார்த்து, '80 தானே இருக்கிறது, சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். மற்றவனுக்கு 80 சரியான எண். வழக்கமாக 48 அடிக்கும் நாடியை உடையவனுக்கு 80 என்பது அபாயமணி. ஆகையால் ஓடுகிற ஒவ்வொருவரும் தமது வழக்கமான நாடி எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு, வைத்தியரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். டென்னிஸ் ஆட்டத்தில் உலகத்தை வென்ற ஸெரீனா வில்லியம்ஸ் அம்மாளுக்கு 2011-ல், இருபத்தொன்பது வயதில், நுரையீரலில் இரத்தக் கட்டிகள் கண்டன. 2017-ல் பிரசவத்துக்கு மறுநாள் மூச்சு முட்டியபோது அவரே தமக்கு நேர்ந்திருப்பது இன்னதென்று உணர்ந்து, ஸ்கான் எடுத்தே தீர வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பிடிவாதம் பிடித்தார். எடுத்துப் பார்த்ததில் கட்டிகள் இருந்தன. அவ்வளவு புகழ் பெற்றவரே பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது என்றால், நமது கிராமத்துப் பெரியவர் எவ்வளவு உரத்துப் பேச வேண்டியிருக்கும்!

சந்தேகம் வந்துவிட்டால் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. காலுக்கு டாப்ளர் ஸ்கான் என்பது வலியில்லாத பரிசோதனை. ஊசி கிடையாது, கதிர் கிடையாது. அரை மணிக்குள் முடிந்துவிடும். நுரையீரலுக்கு மருந்து செலுத்தி எடுக்கும் ஸி.டி. படம் உண்டு. டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. ஆனால் நெடுந்தூரம் ஓடியவனுக்கு ஓட்டத்தாலேயே அது ஓரிரு தினங்கள் ஏறியிருக்கும், வயதானவர்களுக்கு இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். ஆதலால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எப்படியும் தாமதம் உதவாது. 1960-ல் இங்கிலாந்தில் பாரிட், ஜோர்டான் என்ற இரு வைத்தியர்கள் நுரையீரலில் கட்டி அடைத்த 35 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தும், மற்றவருக்குக் கொடாமலும் பார்த்தார்கள். மருந்து பெறாத 19 பேரில் ஐந்து பேர் அக்கட்டியாலேயே இறந்தார்கள். பெற்ற 16 பேரில் ஒருவரும் அவ்வாறு இறக்கவில்லை. இனிமேல் எவருக்கும் மருந்தை மறுத்துப் பரிசோதிப்பது பாபம் என்று நிறுத்திவிட்டார்கள்.

அந்த மருந்துகளில் ஒன்றின் பூர்வோத்தரம் மாடு வைத்திருக்கும் பாகூர் விவசாயிகளுக்கு ரஸமாயிருக்கும். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் 1933-ம் வருஷம் பனிப்புயல் வீசிய ஒரு நாள், ஒரு குடியானவர் செத்துப்போன கிடாரியையும், ஒரு பால் தோண்டி நிறைய உறையாத இரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சர்வகலாசாலையின் வாசலுக்கு வந்தார். அவருடைய மாடுகள் காரணமின்றி இரத்தம் பெருகி மாண்டுகொண்டிருந்தன. கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் புல்லே காரணம். கார்ல் பால் லிங்க் என்ற ரஸாயன பண்டிதர் பல வருஷ உழைப்புக்குப் பிறகு அதிலுள்ள சத்தைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் பிறந்த வார்பரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அடுத்த வருஷமே, மாரடைப்புக் கண்ட அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்குக் கொடுக்கப்பட்டது. எலிக்கும் ஜனாதிபதிக்கும் பொதுவான மருந்து வேறொன்றை நாம் அறியோம். இன்று ஓயாத இரத்தப் பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரைகளும் வந்திருக்கின்றன. குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். இந்த மாத்திரைகளைத் தாமாகவே கடையில் வாங்கித் தின்பதும், வலி மாத்திரையோடு சேர்த்துத் தின்பதும் இரத்தப் போக்கை வரவழைத்துக்கொள்வதாகும். வெளிக்காரணம் ஒன்றுமில்லாமல் முதியவர் ஒருவருக்குக் கட்டி கண்டால், உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று வைத்தியர் யோசிப்பதும் வழக்கம். அந்தக் கேள்வியைக் கேட்க நோயாளி கூச்சப்படலாகாது.

காலில் தோன்றாத கட்டியும் ஒன்று உண்டு. சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். பல்லாண்டுகள் கடுமையாக ஓடியும் சைக்கிள் விட்டும் வந்த ஆண்களில் சிலருக்கு இருதயத்தின் மேலறை ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்குகிறது. அவ்வறையில் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஸ்வீடன் தேசத்தில் பனியில் 90 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்ட 52,755 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். அதிகத் தடவை கலந்துகொண்டவர்களிடமும், விரைந்து முடித்தவர்களிடமும் இந்தத் துடிப்புக் கோளாறு மிகுந்திருந்தது. எனினும், இக்கோளாறு உள்ள பந்தயக்காரர்களுக்கு, இதே கோளாறுள்ள மற்ற ஜனங்களைவிடப் பக்கவாதம் குறைவாகவே வந்தது என்று பிற்பாடு அதே தேசத்து ஆராய்ச்சி சொல்லிற்று. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. வாரத்துக்கொரு முறை பார்த்து, தாளம் தப்பினால் வைத்தியரிடம் போனால் போதும்.

வராமல் தடுப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. ஓட்டம் முடிந்தவுடன் உட்காராமல் கால் மணி நேரமாவது மெல்ல நடப்பது. தாகம் அடங்கும் வரையில் உப்பிட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ இளநீரோ குடிப்பது. அன்றைய தினமே நீண்ட பிரயாணத்தில் ஏறாமல் ஓர் இரவு தங்கிப் புறப்படுவது. ஏறத்தான் வேண்டுமென்றால் மணிக்கொரு தடவை எழுந்து நடப்பது, முடியாதபோது உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு இறுக்கமான காலுறை போட்டுக் கொள்ளலாம். சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர், எலும்பு முறிந்து மாவுக் கட்டுப் போட்டிருந்தவர், சுரத்தில் பல நாள் படுத்திருந்தவர், குடும்பத்தில் எவருக்கேனும் இரத்த உறைவு வந்திருப்பவர் ஆகியோர் வைத்தியரின் உத்தரவு பெறாமல் பந்தயத்தில் இறங்குவது சரியல்ல. 2020, 2021-ம் வருஷங்களில் கொரோனா காய்ச்சல் எத்தனை பேருடைய இரத்தத்தை உறைய வைத்தது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

சர்க்காருக்கும் ஓட்டங்களை நடத்துகிறவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது இனிமேல்தான். 1823-ல் பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் ஆஸ்பத்திரி கோரிமேட்டில் இருக்கிறது. கதிர்காமத்தில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. இந்த அளவு சிறிய பிரதேசத்துக்கு இது பெரும் பாக்கியம். ஆனால் பாகூரிலிருந்து கோரிமேடு இருபது கிலோமீட்டருக்கு மேல். கால் வீக்கம்தானே என்று நினைக்கிறவன் அரை நாள் கூலியை விட்டு அவ்வளவு தூரம் போகமாட்டான். அவன் முதலில் போவது சமீபத்திலுள்ள இடத்துக்குத்தான். ஆகவே கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்திலும், வில்லியனூர், பாகூர் ஆஸ்பத்திரிகளிலும், ராமநாதபுரத்தில் ஜிப்மர் நடத்தும் கிராம சுகாதார நிலையத்திலும், ஒரு கால் வீக்கத்தோடு வருகிறவனிடம் 'சமீபத்தில் நெடுந்தூரம் ஓடினாயா, பிரயாணம் செய்தாயா, படுத்த படுக்கையாய் இருந்தாயா?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று நலவழித்துறை உத்தரவிட வேண்டும். சந்தேகமிருந்தால் அன்றைக்கே டாப்ளர் எடுப்பதற்கும், முதல் ஊசியைப் போட்டு ஆம்புலன்ஸில் அனுப்புவதற்கும் ஏற்பாடு வேண்டும். யானைக்காலுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய கிராம சுகாதார ஊழியர்கள் இருக்கிறார்கள். இரண்டு வீக்கங்களுக்கும் உள்ள பேதத்தை ஜனங்களுக்குச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

ஓட்டங்களை நடத்தும் சங்கத்தார் குடி தண்ணீருக்கும் வாழைப்பழத்துக்கும் பதக்கத்துக்கும் செலவழிப்பதில் குறைவு வைப்பதில்லை. ஓடுகிறவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் எண் சீட்டின் பின்புறத்தில் இரத்த வகையையும் உறவினரின் டெலிபோன் எண்ணையும் எழுத இடம் விடுகிறார்கள். அதற்குக் கீழே தமிழில் நான்கு வரி அச்சிடக் கேட்கிறோம்: முடித்ததும் உட்காராதே, இன்றே நெடும்பிரயாணம் போகாதே, இரண்டு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவாதே, ஆஸ்பத்திரிக்குப் போ, மூச்சு முட்டினால் அப்பொழுதே போ. வருகிற தை மாதத்துக்கு முன் அச்சாபீஸுக்குச் சொல்லிவிட இப்பொழுதே அவகாசம் இருக்கிறது.